வைரஸ் எது என்று தெரியும் முன்பே மாற்றிய கல்லீரல்: 2021–22 குழந்தைகள் ஹெபடைடிஸ் பற்றிய நிகழ்வு ஆய்வு

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் 2021 அக்டோபர் முதல் 2022 பிப்ரவரி வரை 9 குழந்தைகள் கடுமையான கல்லீரல் அழற்சியோடு ஒரே குழந்தைகள் மருத்துவமனைக்கு வந்தார்கள். அதுவரை எந்த நோயும் இல்லாமல் ஓடியாடிக்கொண்டிருந்தவர்கள். வயது ஒன்றிலிருந்து ஆறுக்குள். நடு வயது 2 வருடம் 11 மாதம். பெரும்பாலோருக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் முதலில் வந்தன, பிறகு கண் மஞ்சளானது, கல்லீரல் வீங்கியது. ரத்தத்தில் ஏஎல்டி என்ற கல்லீரல் நொதி நூற்றுக்கணக்கில், சிலருக்கு ஆயிரக்கணக்கில் ஏறியிருந்தது. ஹெபடைடிஸ் ஏ, பி, சி இல்லை. உடலில் செம்பு தேங்கும் வில்சன் நோய் இல்லை. உடலே தன் கல்லீரலைத் தாக்கும் தன்னெதிர்ப்பு நோய் இல்லை. கோவிட் தொற்றும் இல்லை.

எல்லோரிடமும் பொதுவாக இருந்தது ஒன்றே ஒன்றுதான்: 9 பேரின் ரத்தத்திலும் பிசிஆர் பரிசோதனையில் அடினோவைரஸ் (சளி, வயிற்றுப்போக்கு தரும் சாதாரண வைரஸ் குடும்பம்) தெரிந்தது. அதில் 5 பேரின் வைரஸை மரபணு வரிசைப்படுத்திப் பார்த்தபோது ஐந்தும் 41ஆம் வகை. 3 குழந்தைகளுக்குக் கல்லீரல் செயலிழந்தது, அவர்களில் 2 பேருக்குக் கல்லீரல் மாற்று அறுவை நடந்தது. யாரும் இறக்கவில்லை.

நான் எடுத்துக்கொள்வது இந்த 2 பேரின் நிலைமையைத்தான், அதோடு அடுத்த சில மாதங்களில் பிரிட்டனில் அதே நிலைக்கு வந்த குழந்தைகளையும். ரத்தத்தில் வைரஸ் ஓடிக்கொண்டிருக்கும் குழந்தைக்குப் புது உறுப்பு வைக்கலாமா என்பது மாற்று அறுவைத் துறையின் பழைய கேள்வி. இந்த நிகழ்வில் அந்தக் கேள்வி விசித்திரமான வடிவத்தில் வந்தது. வைரஸ் இருக்கிறது, ஆனால் அதுதான் குற்றவாளியா என்பது யாருக்கும் தெரியாது. முடிவோ சில நாட்களுக்குள், சிலருக்குச் சில மணி நேரத்துக்குள், எடுத்தாக வேண்டும்.

ரத்தத்தில் இருக்கிறது, கல்லீரலில் இல்லை

அடினோவைரஸ் கல்லீரலை அழிக்கும் என்பது புதிய செய்தி அல்ல. எலும்பு மஜ்ஜை மாற்று, உறுப்பு மாற்று செய்துகொண்ட குழந்தைகளிடம் பல காலமாகப் பார்த்த விஷயம் அது. ஆனால் அங்கே வழக்கமாக வருவது 5ஆம் வகையும் அதன் உறவுக்கார வகைகளும். 41ஆம் வகை குடலோடு நின்றுவிடும் வைரஸ். சின்னக் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு தருவது, சில நாளில் தானே போய்விடுவது. நோய் எதிர்ப்பாற்றல் நன்றாக உள்ள ஒரு குழந்தையின் கல்லீரலை அது செயலிழக்க வைக்கும் என்று யாரும் எதிர்பார்த்ததில்லை.

இன்னொரு முரண்பாடும் இருந்தது. உண்மையான அடினோவைரஸ் ஹெபடைடிஸில் கல்லீரல் திசுவை நுண்ணோக்கியில் வைத்தால் செல்களின் உட்கருவில் வைரஸ் குவிந்து கறைபோலத் தெரியும். சாயமிட்டுப் பார்த்தால் வைரஸ் புரதம் ஒளிரும். அலபாமாவில் 6 குழந்தைகளின் கல்லீரலிலிருந்து திசு எடுத்துப் பார்த்தார்கள். அழற்சி இருந்தது. வைரஸ் இல்லை. சாயப் பரிசோதனையில் இல்லை, எலக்ட்ரான் நுண்ணோக்கியிலும் இல்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். பிசிஆர் என்பது மிகக் கூர்மையான மூக்கு. வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று சொல்லிவிடும், திருடியது யார் என்று சொல்லாது. இதே 9 குழந்தைகளில் 6 பேரின் ரத்தத்தில் எப்ஸ்டீன்-பார் வைரஸும் பிசிஆரில் தெரிந்தது. ஆனால் அதற்கெதிரான, புதுத் தொற்றைக் காட்டும் ஆன்டிபாடி அவர்களிடம் இல்லை. அதாவது எப்போதோ வந்து தங்கிவிட்ட பழைய தொற்று. அந்த வைரஸைச் சும்மா இருப்பது என்று ஒதுக்கிவிட்டார்கள், அது சரியான முடிவு. ஆனால் அதே கண்ணால் அடினோவைரஸையும் பார்க்கத் துணிவதுதான் கடினம், ஏனென்றால் அதைத் தவிரக் கையில் வேறு எதுவும் இல்லை.

ஒரே மருந்து, எதிரெதிர் விளைவு

உறுப்பு மாற்றுக்குப் பிறகு உடல் புது உறுப்பை நிராகரிக்காமல் இருக்க எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகள் தேவை. குழந்தைகளுக்குக் கல்லீரல் மாற்றினால் பெரும்பாலும் டாக்ரோலிமஸ், தொடக்கத்தில் கூடவே ஸ்டீராய்டு. முதல் வாரங்களில்தான் அளவு உச்சத்தில் இருக்கும். கட்டுக்குள் வராத தொற்று இருக்கும்போது மாற்று அறுவை வேண்டாம், முதலில் தொற்றை அடக்கு, அப்புறம் பார்க்கலாம் என்ற விதி வந்தது இதனால்தான். வருடக்கணக்கில் காத்திருக்கும் குழந்தைக்கு அந்த விதி பொருந்தும். பித்தக்குழாய் அடைப்போடு பிறந்து, மாற்றுக்காகக் காத்திருக்கும் ஒரு வயதுக் குழந்தைக்கு அடினோவைரஸ் காய்ச்சல் வந்தால் சில வாரம் தள்ளிப்போடுவதில் யாருக்கும் தயக்கம் இருக்காது. திடீரென்று கல்லீரல் செயலிழந்த குழந்தைக்கு அந்தச் சில வாரம் கிடையாது.

இனி இரண்டு ஊகங்களையும் எதிரெதிரே வைத்துப் பார்க்கலாம். வைரஸ் நேரடியாகக் கல்லீரல் செல்களைக் கொல்கிறது என்றால், வைரஸை அடக்கும் மருந்து கொடுக்க வேண்டும், ஸ்டீராய்டைத் தொடக்கூடாது. மாற்று அறுவை செய்தால் எதிர்ப்பாற்றல் அடங்கிய உடலில் அதே வைரஸ் புதுக் கல்லீரலையும் தின்றுவிடும். மாறாக, வைரஸ் ஒரு தூண்டுகோல் மட்டுமே, அழிப்பது குழந்தையின் சொந்த எதிர்ப்பாற்றல்தான் என்றால், எல்லாம் தலைகீழ். ஸ்டீராய்டு உதவலாம். மாற்று அறுவைக்குப் பின் கொடுக்கும் அடக்கு மருந்துகளே நோய்க்கும் மருந்தாகிவிடும்.

அலபாமாவில் கல்லீரல் செயலிழந்து மாற்று வரை போன 2 குழந்தைகளுக்கும் வைரஸ் எதிர்ப்பு மருந்தான சிடோஃபோவிரும் கொடுத்தார்கள், ஸ்டீராய்டும் கொடுத்தார்கள். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு காலால் பிரேக்கையும் மறு காலால் ஆக்சிலரேட்டரையும் மிதித்ததுபோலத் தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எந்த ஊகம் சரி என்று தெரியாதபோது இரண்டு பக்கமும் ஒரு கால் வைப்பதைத் தவிர வேறு வழி இல்லை. ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. சிடோஃபோவிர் முதலில் அனுமதி பெற்றது எய்ட்ஸ் நோயாளிகளின் கண்ணில் வரும் சைட்டோமெகலோ வைரஸ் தொற்றுக்கு. அடினோவைரஸுக்குக் கொடுப்பது அந்த அனுமதிக்கு வெளியே. அது சிறுநீரகத்தைப் பாதிக்கும் மருந்து, நிறையத் திரவமும் புரோபெனசிட் என்ற துணை மருந்தும் சேர்த்துத்தான் தருவார்கள். கல்லீரல் செயலிழந்த குழந்தையின் சிறுநீரகம் ஏற்கனவே தள்ளாடிக்கொண்டிருக்கும். அறுவைக்குப் பின் வரும் டாக்ரோலிமஸும் சிறுநீரகத்துக்கு நண்பன் அல்ல. சந்தேகத்தின் பேரில் ஒரு வைரஸ் மருந்து கொடுப்பது இலவசமான காரியம் இல்லை என்பதை இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் புரியும்.

எந்தக் குழந்தைக்கு, எப்போது

அலபாமாவின் செய்தி வெளியே தெரிய வருவதற்குள் ஸ்காட்லாந்திலும் மணி அடித்துவிட்டது. 2022 மார்ச் 31 அன்று, 3 முதல் 5 வயதுள்ள 5 குழந்தைகள் மூன்றே வாரத்துக்குள் கிளாஸ்கோ குழந்தைகள் மருத்துவமனையில் இப்படிச் சேர்ந்திருப்பதாக அங்கே பொதுச் சுகாதாரத் துறைக்குத் தகவல் போனது. காரணம் தெரியாத இத்தகைய ஹெபடைடிஸ் ஸ்காட்லாந்து முழுவதிலும் ஒரு வருடத்துக்கு நாலு பேருக்குக்கூட வராது. ஏப்ரல் 5 அன்று உலக சுகாதார நிறுவனத்துக்குத் தகவல் சென்றது. ஜூலை நடுவில் 35 நாடுகளில் 1,010 குழந்தைகள் என்று கணக்கு நின்றது. 46 பேருக்கு மாற்று அறுவை, 22 பேர் மரணம்.

இந்த எண்களைத் தலைப்புச் செய்திகள் பயமுறுத்தும் தொனியில் சொன்னதால் ஒன்று மறைந்துபோனது. 100 பேரில் 5 பேருக்குத்தான் மாற்று தேவைப்பட்டது. மற்றவர்களில் மிகப் பெரும்பாலோரின் கல்லீரல் தானாகவே மீண்டது. கல்லீரலின் இயல்பே அது. அதனால் மருத்துவர்களுக்கு எதிரெதிர்ப் பயம் இரண்டு: தாமதித்தால் மூளை வீங்கிக் குழந்தை போய்விடும், அவசரப்பட்டால், இன்னும் ஒரு வாரத்தில் தானே தேறியிருக்கக்கூடிய கல்லீரலை வெட்டி எடுத்துவிட்டு ஒரு குழந்தையை வாழ்நாள் முழுக்க மாத்திரைக்கு ஆளாக்கிவிடுவோம்.

இதில் ஏஎல்டி எண் அதிகம் உதவாது, சில நேரம் ஏமாற்றவும் செய்யும். ஆயிரக்கணக்கில் இருந்த எண் மளமளவென்று இறங்கும்போது பெற்றோர் மகிழ்வார்கள். கண்ணை மஞ்சளாக்கும் பிலிருபின் ஏறிக்கொண்டும் ரத்தம் உறையும் நேரம் நீண்டுகொண்டும் இருந்தால் அந்த இறக்கம் நல்ல செய்தி இல்லை. சாவதற்கு இனி செல் மிச்சமில்லை என்று அர்த்தம். பார்க்க வேண்டியது ஐஎன்ஆர், அதாவது ரத்தம் உறைவதற்கான அளவுகோல்; எண் ஏற ஏற உறைவது தாமதமாகிறது. வைட்டமின் கே கொடுத்த பிறகும் ஐஎன்ஆர் 2.0 அல்லது அதற்கு மேல் இருந்தாலோ, மூளைக் குழப்பத்தோடு சேர்ந்து 1.5 அல்லது அதற்கு மேல் இருந்தாலோ குழந்தைக்குக் கல்லீரல் செயலிழப்பு என்று வகைப்படுத்துகிறார்கள். 4ஐத் தாண்டினால் மாற்று இல்லாமல் பிழைப்பது அரிது என்பது நீண்ட காலமாகப் பின்பற்றும் எல்லைக்கோடு. ரத்தக்கசிவு இல்லாதபோது பிளாஸ்மா (உறைவுப் பொருள்கள் உள்ள ரத்தத் திரவம்) ஏற்றி ஐஎன்ஆரை 'அழகாக்க' வேண்டாம் என்பதும் இதனால்தான். ஏற்றினால் எண் சரியாகிவிடும், கல்லீரல் எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்பது தெரியாமல் போய்விடும். மூளைக் குழப்பத்தைச் சின்னக் குழந்தையிடம் கண்டுபிடிப்பது இன்னும் கடினம். மூன்று வயதுப் பிள்ளை பகலில் தூங்கி இரவில் விழித்திருந்தால், காரணமில்லாமல் எரிந்து விழுந்தால், மருத்துவமனை அலுப்பு என்றுதான் யாரும் நினைப்பார்கள். தாய் "இவன் இப்படிப் பண்ண மாட்டான்" என்று சொன்னால் அதைப் பரிசோதனை முடிவுக்குச் சமமாக எடுத்துக்கொள்வது நல்லது.

இங்கிலாந்தின் பர்மிங்காம் குழந்தைகள் மருத்துவமனை 2022 ஜனவரி 1 முதல் ஏப்ரல் 11 வரை பார்த்த 44 குழந்தைகளைப் பற்றி அதே ஆண்டு ஜூலையில் அறிக்கை வெளியிட்டது. (அலபாமாவின் குழந்தைகள் மருத்துவமனை இருக்கும் ஊரும் பர்மிங்காம்தான்; அந்த வருடம் பலரும் இரண்டையும் குழப்பிக்கொண்டார்கள்.) நடு வயது 4. பரிசோதித்த 30 பேரில் 27 பேருக்கு அடினோவைரஸ். 6 பேருக்குக் கல்லீரல் முற்றிலும் செயலிழந்தது, 6 பேருக்கும் மாற்று நடந்தது, ஒருவரும் இறக்கவில்லை. மீதி 38 பேர் தங்கள் சொந்தக் கல்லீரலோடு வீடு திரும்பினார்கள்.

ஆக, இந்த வைரஸ் ரத்தத்தில் இருக்கும் வாய்ப்பு மிக அதிகம் என்று தெரிந்தே அந்தக் குழு அறுவைக்குப் போனது. முடிவைத் தீர்மானித்தது வைரஸின் பெயர் அல்ல, கல்லீரல் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பது. இந்த நிகழ்வில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான். அடினோவைரஸ் உள்ளது, ஆகவே மாற்று கூடாது என்று விதியைப் பிடித்துத் தொங்கியிருந்தால் அந்த 6 பேரின் கதை வேறு மாதிரி முடிந்திருக்கும்.

நடுவழி ஒன்றும் உண்டு, அதிகம் பேசப்படாதது. துணைக் கல்லீரல் மாற்று என்பார்கள். குழந்தையின் கல்லீரலை முழுக்க எடுக்காமல் ஒரு பகுதியை விட்டுவைத்து, பக்கத்தில் கொடையாளரின் துண்டைப் பொருத்துவது. சொந்தக் கல்லீரல் மீண்டால் அடக்கு மருந்தைக் குறைத்துக்கொண்டே வந்து நிறுத்திவிடலாம், ஒட்டிய துண்டு சுருங்கிப்போகும். வைரஸால் வந்து மறையும் நோய்க்கு இதைவிடப் பொருத்தமான யோசனை காகிதத்தில் இல்லை. நடைமுறையில் அறுவை சிக்கலானது, மூளை வீக்கம் முற்றிய குழந்தைக்கு நேரம் போதாது, விட்டுவைத்த நோயுற்ற துண்டே உடலைத் தொடர்ந்து கெடுக்கலாம். அனுபவமுள்ள மையத்தில், இன்னும் தாங்கும் நிலையில் இருக்கும் குழந்தைக்கு மட்டும் இது சரி என்பது என் எண்ணம்.

எடுத்த கல்லீரல் சொன்னது

மாற்று அறுவையில் வெளியே எடுத்த கல்லீரல்கள் இல்லாமல் இந்தப் புதிர் அவிழ்ந்திருக்காது. 2023 மார்ச் 30 அன்று 'நேச்சர்' இதழில் மூன்று குழுக்களின் ஆய்வுகள் ஒன்றாக வந்தன: கிளாஸ்கோ, லண்டன், அமெரிக்கா. மூன்றும் காட்டியது அடினோவைரஸை அல்ல, அதன் நிழலில் வாழும் இன்னொன்றை. ஏஏவி-2, அதாவது அடினோவைரஸைச் சார்ந்து வாழும் குட்டி வைரஸின் இரண்டாம் வகை.

ஏஏவி 1960களில் அடினோவைரஸ் மாதிரிகளில் கலந்திருந்த குப்பைபோலக் கண்டுபிடிக்கப்பட்டது. தனியாகப் பெருக அதற்குத் திறமை இல்லை. அடினோவைரஸோ ஹெர்பிஸ் குடும்ப வைரஸோ கூட இருந்தால்தான் பெருகும். நோய் எதுவும் தராதது என்று நம்பியே அதன் உறவுகளை மரபணு சிகிச்சைக்கு வாகனமாக்கினார்கள். (அந்தச் சிகிச்சையில் அதிக அளவு கொடுத்த சில குழந்தைகளுக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டது என்பதைக் கவனித்திருந்தவர்களுக்கு இந்தச் செய்தி அவ்வளவு ஆச்சரியமாக இருந்திருக்காது.) கிளாஸ்கோ குழு பரிசோதித்த 32 குழந்தைகளில் 26 பேரிடம் ஏஏவி-2 இருந்தது, ஒப்பீட்டுக்கு எடுத்த 74 பேரில் 5 பேரிடம் மட்டும். அமெரிக்காவில் 14இல் 13, ஒப்பீட்டுக் குழுவில் 113இல் 4. லண்டன் குழு பார்த்த 28 பேரில் 27 பேரிடம் இருந்தது.

இன்னும் ஒன்று. கிளாஸ்கோ குழு 27 குழந்தைகளின் திசு வகையைப் பார்த்தது. 25 பேரிடம் எச்எல்ஏ-டிஆர்பி1*04:01 என்ற ஒரே வகை. ஸ்காட்லாந்து மக்களிடம் அது சுமார் 16 சதவீதம்தான். எதிர்ப்பாற்றல் செல்களுக்கு எதிரியைத் தூக்கிக் காட்டும் மூலக்கூறு வகை அது. வைரஸ் எத்தனையோ குழந்தைகளுக்கு வந்து போயிருக்கும். கல்லீரல் எரிந்தது குறிப்பிட்ட சிலருக்குத்தான்.

லண்டன் குழு, மாற்று அறுவையில் எடுத்த கல்லீரல்களை ஆராய்ந்தது. ஏஏவி-2இன் டிஎன்ஏ அதில் ஏராளம், ஒழுங்கில்லாமல் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தது. அடினோவைரஸோடு எச்எச்வி-6பி என்ற ஹெர்பிஸ் வகையும் அதற்கு உதவியிருந்த தடயம் இருந்தது. ஆனால் ஏஏவி-2 புரதமும் இல்லை, அடினோவைரஸ் புரதமும் இல்லை. நிறைந்திருந்தது டி செல்களும் பி வரிசைச் செல்களும், அதாவது குழந்தையின் சொந்தப் படை. இந்தக் குழு செய்த ஒரு ஒப்பீடு நம் கேள்விக்கு நேராக வருகிறது: எதிர்ப்பாற்றல் மிகவும் அடங்கிப்போன, அடினோவைரஸ் தொற்றும் உள்ள வேறு குழந்தைகளைப் பார்த்தார்கள். அவர்களிடம் ஏஏவி-2 அரிதாக, அதுவும் மிகக் குறைவாகவே இருந்தது.

இரண்டாவது ஊகத்தின் பக்கம் தராசு சாய்வது இங்கேதான். அழித்தது எதிர்ப்பாற்றல் என்றால், மாற்று அறுவைக்குப் பின் கொடுத்த அடக்கு மருந்து நெருப்பில் எண்ணெய் வார்க்கவில்லை, நெருப்பை அணைத்தது. மாற்று செய்துகொண்ட பர்மிங்காம் குழந்தைகள் பிழைத்தது இதோடு ஒத்துப்போகிறது. ஆனாலும் இது நிரூபணம் ஆகாது. ஏஏவி-2 தானே காரணமா, இல்லை பெரிய வைரஸ் தாக்குதல் நடந்ததற்கான அடையாளம் மட்டுமா என்பது அந்த ஆய்வுகளால் தீரவில்லை, அவற்றை எழுதியவர்களே அதை ஊகம் என்றுதான் குறிப்பிட்டார்கள்.

மாற்றிய பிறகு

அறுவை முடிந்ததும் வைரஸ் கதை முடிவதில்லை, ஆட்கள் மாறுகிறார்கள். அடினோவைரஸின் அளவை அடிக்கடி பிசிஆரில் எண்ணிக்கையாகப் பார்த்து, ஏறினால் முதலில் அடக்கு மருந்தைக் குறைக்கிறார்கள். சிடோஃபோவிர் அதற்கு அடுத்தபடி. ஆனால் இந்த வயதுக் குழந்தைக்கு நெடுங்காலப் பயம் எப்ஸ்டீன்-பார் வைரஸ். அந்த வைரஸையே சந்திக்காத குழந்தைக்கு, அதைச் சந்தித்த பெரியவரின் கல்லீரலை வைத்தால் வைரஸும் சேர்ந்தே வரும். அடக்கப்பட்ட உடலில் முதல் தொற்று என்பதால் பி செல்கள் கட்டுப்பாடின்றிப் பெருகி நிணநீர்ப் புற்றுநோய் வரை போகலாம். அலபாமாக் குழந்தைகளில் 6 பேரிடம் பழைய எப்ஸ்டீன்-பார் தொற்று இருந்ததைச் சொன்னேன் அல்லவா? கல்லீரல் அழற்சிக்குக் காரணம் தேடியபோது ஒதுக்கிவைத்த அந்தத் தகவல், மாற்று என்று வந்தால் நல்ல செய்தி. ஏற்கனவே அறிமுகமான வைரஸை உடல் ஓரளவாவது சமாளிக்கும்.

அம்மை வகைத் தடுப்பூசிகளில் உயிருள்ள வைரஸ் இருப்பதால் மாற்றுக்குப் பின் அவற்றைப் போடுவது பெரும்பாலும் முடியாது. திட்டமிட்ட மாற்று என்றால் முன்கூட்டியே போட்டுவிடுவார்கள், இங்கே அந்த வாய்ப்பு இல்லை. காரணம் தெரியாத ஹெபடைடிஸுக்கு மாற்று செய்த குழந்தைகளிடம் வாரங்கள், மாதங்கள் கழித்து எலும்பு மஜ்ஜை செயலிழப்பது ஏற்கனவே அறிந்த பின்விளைவு. எதிர்ப்பாற்றலின் கோபம் கல்லீரலோடு நிற்கவில்லை என்பதற்கு அதுவும் ஒரு சான்று. ரத்த அணுக்கள் குறைந்தால் உடனே டாக்ரோலிமஸ் மேல் பழி போடாமல் மஜ்ஜையைப் பார்க்க வேண்டும்.

இப்படி ஒரு குழந்தை நாளை வந்தால் முதல் நாளே செய்ய வேண்டியது எளிது, மறப்பதும் எளிது. பிளாஸ்மாவோ இம்யூனோகுளோபுலினோ (கொடையாளர்களின் ஆன்டிபாடிகள்) ஏற்றுவதற்கு முன் ரத்தம் எடுத்து வைக்க வேண்டும். ஏற்றிவிட்டால் ஆன்டிபாடி முடிவுகள் கொடையாளர்களுடையவை ஆகிவிடும். அடினோவைரஸுக்குப் பிளாஸ்மாவை மட்டும் அனுப்பினால் தவறிப்போகலாம், முழு ரத்தம் வேண்டும். மலம், தொண்டை மாதிரிகளும் அன்றே. மாற்று அறுவை நடந்தால், எடுத்த கல்லீரலை முழுக்க ஃபார்மலினில் (திசுவைப் பதப்படுத்தும் திரவம்) போடாமல் ஒரு துண்டை உடனே உறையவைக்க வேண்டும். ஃபார்மலின் டிஎன்ஏவைச் சிதைக்கும், லண்டன் குழு செய்ததுபோன்ற ஆய்வுக்கு அந்தத் திசு முழுதாக உதவாது. நள்ளிரவு அறுவையில் இதைச் செய்ய ஒருவரை முன்பே நியமித்திருந்தால்தான் நடக்கும்.